பள்ளித் தோட்டப் பெட்டி: எதை நம்பி வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

நகரத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கென்றே இப்போது தோட்டப் பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. இருபது குரோ பேக் (செடி வளர்க்கும் பை), அமுக்கிக் கட்டிய கோகோபீட் (தென்னை நார்த்தூள்), கொஞ்சம் மண்புழு உரம், பத்துப் பதினைந்து விதைப் பொட்டலங்கள், கைக்கருவிகள், ஒரு சொட்டுநீர் அமைப்பு, பாட அட்டைகள். விற்பவர் யாராக இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய இதுதான். அதனால் எந்த நிறுவனத்தின் பெயரையும் இழுக்காமல், இந்த வகைப் பெட்டியையே பிரித்துப் பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பைகளும் கோகோபீட்டும் கொடுத்த காசுக்குத் தகுதியானவை. உரம் கண்டிப்பாகப் போதாது. விதைகளில் பாதிக்கு மேல் பள்ளிக்கு உதவாது. சொட்டுநீரை விடுமுறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாட அட்டைகளுக்காக யாரும் கூடுதல் பணம் தர வேண்டாம்.

இப்படிச் சொல்ல நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் விளைச்சல் அல்ல. விதை ஊன்றுவதிலிருந்து பறித்துத் தின்பது வரை எத்தனை வேலைகளை ஆறு முதல் பத்து வயதுக் குழந்தை தானே செய்கிறது என்பதுதான். பெரியவர்கள் வளர்த்துக் கொடுத்த செடியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வதால் எந்தக் குழந்தையும் எதையும் கற்பதில்லை.

பையிலிருந்து தொடங்கலாம். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள வட்டப் பைதான் தொடக்கப் பள்ளிக்குச் சரியான அளவு. முழுக் கொள்ளளவு சுமார் 22 லிட்டர். விளிம்பில் இரண்டு விரல்கடை இடம் விட்டு நிரப்பினால் 19 லிட்டர் கலவை பிடிக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்த 200 ஜிஎஸ்எம்-க்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) குறையாத எச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் பை சில ஆண்டுகள் உழைக்கும். அதைவிட மெல்லியதாக இருந்தால் முதல் கோடையிலேயே மடிப்புகளில் வெடிக்கும். வெளிப்புறம் வெள்ளை நிறத்தில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கறுப்புப் பையின் ஓரம் மதிய வெயிலில் கொதித்துப்போய், அந்தப் பக்கத்து வேர்கள் கருகிவிடும். துணிப் பைகளில் வேர் நன்றாகக் கிளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாலாபக்கமும் ஈரம் காய்வதால் சனி, ஞாயிறு தண்ணீர் இல்லாமல் அவை தாங்குவது கடினம். வெயில் கடுமையான இடத்தில் பள்ளிக்குத் துணிப் பை வேண்டாம்.

பெரிய பாத்தித் தொட்டி ஒன்றுக்குப் பதில் பல சிறிய பைகள் இருப்பதை இந்தப் பெட்டிகளின் மிகப் பெரிய நல்ல அம்சமாகக் கருதுகிறோம். 1902-இல் நியூயார்க்கின் டிவிட் கிளின்டன் பூங்காவில் ஃபேனி பார்சன்ஸ் தொடங்கிய குழந்தைகள் பண்ணையிலேயே பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாத்தி பிரித்துக் கொடுத்தார்கள். ‘நம்ம வகுப்புத் தோட்டம்’ என்றால் குழந்தை எட்டிப் பார்க்கும். ‘என் பை’ என்றால் காலையில் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே போய்ப் பார்க்கும். ஒரு பைக்கு இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர். பையில் பெயர் எழுதியே ஆக வேண்டும்.

பள்ளியில் வெற்றுத்தரை இருந்தாலும் பையையே பரிந்துரைக்கிறோம். நகரத்து மண்ணில், குறிப்பாகச் சாலையோரத்திலும் பழைய கட்டடச் சுவர்களை ஒட்டியும், பழைய பெயின்ட்டிலிருந்தும் ஒரு காலத்தில் ஈயம் கலந்து விற்ற பெட்ரோலிலிருந்தும் வந்த ஈயம் தங்கியிருக்கக்கூடும். ஈயம் மட்கிப் போகாது. சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்கள். பரிசோதனைக் கூடத்தில் சோதித்த மண் என்றால் தரையில் பயிரிடலாம், இல்லையென்றால் வேண்டாம். பழைய டயர்களையும், கறையான் மருந்து ஏற்றிய பழைய மரப் பலகைகளையும் தொட்டியாக்குவதும் இதே போன்ற நச்சு பயத்தால் கூடாது.

மொட்டைமாடி என்றால் எடையைக் கணக்கிட்ட பிறகுதான் ஆர்டர் கொடுக்க வேண்டும். நனைந்த பை ஒன்று 15 முதல் 18 கிலோ இருக்கும். இருபது பை என்றால் 300 கிலோவுக்கு மேல். நடுவில் குவிக்காமல் சுவரோரமாகவும் உத்திரம் ஓடும் வரிசையிலும் பரப்பி வைக்க வேண்டும். தளம் பழையது என்றால் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். பையைத் தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது தூக்கி வைத்தால்தான் தண்ணீர் வடியும். அடியில் தட்டு வைத்தால் கொசு முட்டையிடும். அந்தத் தண்ணீரை வாரம் இருமுறை கொட்ட ஆள் இல்லாத பள்ளிக்குத் தட்டே வேண்டாம்.

அடுத்தது கலவை. பெரும்பாலான பள்ளித் தோட்டங்கள் இரண்டாம் மாதத்தில் மஞ்சளாகி நிற்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. கோகோபீட் தண்ணீரைப் பிடித்து வைக்கும், எடை குறைவு, குழந்தைகள் பிசைய ஏற்றது. ஆனால் அதில் சத்து அநேகமாக இல்லை. பெட்டியில் வரும் உரத்தின் அளவைப் பார்த்தால், கோகோபீட்டையே மண் என்று நினைத்து நிரப்பச் சொல்வது போலிருக்கிறது. நாங்கள் சொல்லும் விகிதம், அளவால் 2 பங்கு கோகோபீட், 2 பங்கு மட்கிய உரம், 1 பங்கு சுத்தமான மண். இருபது பைக்கு மொத்தம் 380 லிட்டர் கலவை வேண்டும். அதாவது 152 லிட்டர் கோகோபீட், 152 லிட்டர் உரம், 76 லிட்டர் மண். 5 கிலோ கோகோபீட் கட்டி ஒன்று சுமார் 25 லிட்டர் தண்ணீரைக் குடித்து 60 லிட்டருக்கு மேல் உப்பும். ஆக மூன்று கட்டி வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். உரம் எடைக் கணக்கில் 80 கிலோவைத் தாண்டும். பெட்டியோடு 10 கிலோ உரம் வந்தால், மீதியைத் தனியாக வாங்கச் செலவு ஒதுக்கிவிட்டே கையெழுத்துப் போடுங்கள். முதல் மாதத்தில் கலவை மூன்று நான்கு விரல்கடை கீழே இறங்கும். மேலே போட ஒரு மூட்டை தனியாக இருக்கட்டும்.

கோகோபீட்டில் உப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சரியாகக் கழுவாமல் கட்டிய சரக்கில் சோடியமும் குளோரைடும் மிகுந்திருக்கும். விதை முளைத்தாலும் இலை ஓரம் பொரிந்துபோகும். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, இதையே இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பகுதி உப்பு போய்விடும். கருவி இல்லாமலே சோதிக்கவும் வழி உண்டு. கழுவாத கோகோபீட் ஒரு டம்ளரில், கழுவியது இன்னொரு டம்ளரில், ஒவ்வொன்றிலும் பத்து முள்ளங்கி விதை. ஒரு வாரத்தில் எதில் எத்தனை முளைத்தன, எதன் வேர் நீளம் என்று பிள்ளைகளே அளந்துவிடுவார்கள். நான்காம் வகுப்புக்கு இதைவிடத் தெளிவான அறிவியல் சோதனை எந்தப் பாட அட்டையிலும் இல்லை.

உரத்தை முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் நன்றாக மட்கியது. அமோனியா நெடி அடித்தாலோ, மூட்டைக்குள் கைவைத்தால் சூடாக இருந்தாலோ இன்னும் ஆகவில்லை. பச்சைச் சாணத்தைக் குழந்தைகள் தின்னும் கீரைப் பையில் சேர்க்கவே கூடாது. மண்ணைத் தொட்டு விளையும் பயிருக்குப் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்குக் குறைந்தது 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது இயற்கை வேளாண்மையில் அமெரிக்கா வைத்திருக்கும் விதி. ஒரு பள்ளிப் பருவத்துக்குள் அது நடக்கிற காரியமில்லை.

விதைப் பொட்டலங்களைப் பொறுத்தவரை எங்களுக்குக் குறை அதிகம். கேரட், காலிஃபிளவர், குடைமிளகாய், தர்பூசணி என்று அட்டையில் படங்கள் அழகாக இருக்கும். கேரட் முளைக்கவே பத்துப் பதினைந்து நாள் ஆகும், கிழங்கு பருக்க இரண்டரை மாதத்துக்கு மேல். காலிஃபிளவரைப் புழுக்கள் முந்திக்கொள்ளும். தர்பூசணிக்கு இந்தப் பை போதாது. ஏழு வயதுக் குழந்தையால் முளைக்காத மண்ணைப் பார்த்துக்கொண்டு இரண்டு வாரம் காத்திருக்க முடியாது, அது குழந்தையின் குற்றமும் இல்லை.

பள்ளிக்கு வேண்டியது வேறு வரிசை. வெந்தயம் மூன்று நாளில் முளைக்கும், மூன்று வாரத்தில் கீரையாகக் கிள்ளலாம். சிறு சிவப்பு முள்ளங்கி நாலைந்து நாளில் தலைகாட்டும், மிதமான பருவத்தில் 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். வெயில் அதிகமானால் கிழங்கு பருக்காமல் இலையாகவே போகும். முளைக்கீரை 25 நாளில் தயார். வெண்டை ஏழு வாரத்தில் காய்க்கத் தொடங்கும். குளிர்ந்த பருவத்தில் செடி பீன்ஸ், வெயிலில் தட்டைப்பயறு. புதினாவைத் தண்டாகவே ஊன்றலாம். தக்காளி வேண்டுமென்றால் நான்கு வார நாற்றாக வாங்கி நடுங்கள், நட்டதிலிருந்து பழம் பழுக்க இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும். நீண்ட விடுமுறைக்குக் குறைந்தது பதின்மூன்று வாரம் இருந்தால் மட்டும் அதில் இறங்கலாம்.

எத்தனை பை எதற்கு என்று கணக்குப் போடாமல் விதைப்பதும் பெரிய தவறு. 30 செ.மீ. வட்டத்தில் 7, 8 செ.மீ. இடைவெளி விட்டால் பன்னிரண்டு முள்ளங்கிதான் பிடிக்கும். முப்பது பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கொன்று வர மூன்று பை வேண்டும். ஒரே பையில் விதைத்துவிட்டு அறுவடையன்று பதினெட்டுக் குழந்தைகளை வெறுங்கையோடு நிற்கவைப்பது கொடுமை.

பொட்டலத்தைப் பிரித்ததும் விதையின் நிறத்தைப் பாருங்கள். பளீரென்ற இளஞ்சிவப்பு, பச்சை அல்லது நீலப் பூச்சு இருந்தால் பூஞ்சைக்கொல்லி மருந்து தடவிய விதையாக இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அந்தச் சாயத்தைக் கலக்கிறார்கள். விவசாயி கையுறை போட்டுத் தொடவேண்டியதைக் குழந்தையின் உள்ளங்கையில் கொட்டக் கூடாது. அந்தப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்புங்கள். ‘மருந்து தடவாத விதை’ என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குவது இன்னும் நல்லது.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையில் பிடிபடும் விதையே வேண்டும். பீன்ஸ், தட்டைப்பயறு, வெண்டை. விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொது விதி. பீன்ஸுக்கு 3 செ.மீ. போதும். குச்சியில் 3 செ.மீ.-இல் வண்ணக் கோடு போட்டுக் கொடுத்தால் யாரும் அதிகம் புதைக்க மாட்டார்கள். வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைக்கலாம். பீன்ஸை அப்படி ஊறவைத்தால் பருப்பு பிளந்து அழுகிவிடும். கீரை விதை பொடி என்பதால் ஒரு தேக்கரண்டி விதையோடு ஒரு டம்ளர் காய்ந்த மணலைக் கலந்து தூவச் சொல்லுங்கள். மேலே மெல்லிய தூவல் மண் போதும்.

பீன்ஸ் முளைப்பதை மட்டும் அவசரமில்லாமல் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். ஐந்தாறு நாளில் மேல்மண் ஒரு சின்ன வட்டமாக வெடிக்கும். தண்டு கொக்கி போல் வளைந்து முதுகைத்தான் முதலில் காட்டும், தலை உள்ளேயே இருக்கும். அப்படி வளைந்து வருவதால்தான் நுனிக்குருத்து மண்ணில் உரசிக் கிழிவதில்லை. மறுநாள் நிமிரும்போது இரண்டு பருப்பிலைகளையும் (விதையின் இரு பாதிகள்) மேலே தூக்கி வரும், சிலதில் விதைத்தோல் தொப்பியாக ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்துவிட எல்லாக் குழந்தைக்கும் கை துறுதுறுக்கும். பிய்த்தால் பருப்பிலையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சொட்டு தண்ணீர் விட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள், தானே கழன்று விழும். பக்கத்தில் ஒரு பட்டாணியும் விதைத்து வைத்தால், அதன் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுவதைப் பார்த்து ‘இது ஏன் மேலே வரல?’ என்ற கேள்வி தானாக வரும்.

கருவிகளில், கழுத்தில் இணைப்பு இல்லாத ஒரே வார்ப்பு உலோகக் கைக்கரண்டி, நுனி மழுங்கியது, வாங்கத் தகுந்தது. பிளாஸ்டிக் கரண்டி ஈரக் கலவையில் கழுத்தோடு ஒடியும். முப்பது பேருக்கு எட்டு போதும். நான்கு பேர் குழுவில் ஒருவர் தோண்ட, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் தண்ணீர் விடட்டும், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். பூவாளி 1 லிட்டர், மிஞ்சினால் ஒன்றரை லிட்டர். பெட்டியில் வரும் 5 லிட்டர் பூவாளி நிரம்பினால் ஐந்து கிலோவுக்கு மேல். ஆறு வயதுக் குழந்தை அதைத் தூக்கிச் சாய்க்கும்போது முழுவதும் ஒரே இடத்தில் கொட்டி விதையை அடித்துப் போய்விடும்.

பள்ளியில் செடி வாடிச் சாவதைவிட மூழ்கிச் சாவதுதான் அதிகம். முப்பது பேருக்கும் தண்ணீர் ஊற்ற ஆசை. நாற்றுகள் தரைமட்டத்தில் நூல் போல மெலிந்து, பழுப்பேறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல், காரணம் மிதமிஞ்சிய ஈரம். மேல்மண்ணிலிருந்து சின்னஞ்சிறு கறுப்பு ஈக்கள் கிளம்பினாலும் காரணம் அதுவே. ‘விரல் முதலில், தண்ணீர் பிறகு’ என்று விதி வையுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். வளர்ந்த செடி உள்ள பைக்கு வெயில் நாளில் 1 முதல் 1.5 லிட்டர் வேண்டும், அடித்துளையில் சொட்டத் தொடங்கியதும் நிறுத்தலாம்.

சொட்டுநீர் அமைப்பை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி நாளில் குழந்தையின் வேலையை அது பிடுங்கிக்கொள்ளும். ஒரு மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்து, பைக்கு ஒரு சொட்டுவான் (தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் முனை), மணிக்கு 2 லிட்டர் என்றால், அரை மணி நேரத்தில் இருபது பைக்கும் சேர்த்து 20 லிட்டர் போகும். ஏட்டுக் கணக்கு இது. குறைந்த அழுத்தத்தில் சொட்டுவான்கள் சொன்ன அளவு தராது, அதனால் ஒரு டம்ளரை வைத்து அளந்து நேரத்தைக் கூட்டுங்கள். பலர் ஏமாறும் இடம் டைமர்தான். ஒரு மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தம் வெறும் 0.1 பார். மின்காந்தத்தால் திறக்கும் சாலினாய்டு வால்வு டைமர்களில் பல இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் திறக்கவே திறக்காது. உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பித் திறக்கும் பால் வால்வு (ball valve) வகை டைமர்தான் வேண்டும். பெட்டியில் எது இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தொட்டி ஒளிபுகாத கறுப்பாக இருக்கட்டும், இல்லையென்றால் பாசி பிடித்துச் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும்.

‘இயற்கைப் பூச்சி விரட்டி’ என்று லேபிளில் உட்பொருள் எதுவும் எழுதாத பாட்டில் வந்தால் திறக்காமல் ஒதுக்குங்கள். இலைச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சியே கழுவலாம். புழுவைக் கையால் எடுத்து, மூடியில் துளையிட்ட ஜாடியில் அதே இலையோடு போட்டு வைத்தால் அதுவே இரண்டு வாரப் பாடம். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 1 மி.லி. சோப்புக் கரைசல், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பெரியவர் தெளிக்க வேண்டும்.

பாட அட்டைகள் எல்லா வகுப்புக்கும் ஒன்றே, ஒளிச்சேர்க்கைப் படம், செடியின் பாகங்கள், வண்ணம் தீட்டு. பாடநூலில் இருப்பதையே திரும்ப அச்சடித்திருக்கிறார்கள். கோடு போட்ட நோட்டு ஒன்று இதைவிட மேல். தேதி, உயரம், இலை எண்ணிக்கை, ஊற்றிய தண்ணீர், எந்தப் பூச்சி கடித்தது. மூன்றாம் வகுப்பு அதை வைத்துப் பட்டை வரைபடம் போடும். கலவையின் 2:2:1 விகிதமே நான்காம் வகுப்பின் பின்னம், பையின் கொள்ளளவே ஐந்தாம் வகுப்பின் கன அளவு. அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, குருத்து இலை நரம்பு பச்சையாக இருந்து இடையில் வெளுத்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்லிக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்பே கண்டுபிடிப்பார்கள்.

தின்பதைப் பற்றி பெட்டிகளில் ஒரு வரி கூட இருப்பதில்லை, அதுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம். 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஆலிஸ் வாட்டர்ஸ் ஒரு நடுநிலைப் பள்ளியில் தொடங்கிய தோட்டத் திட்டத்தில் சமையலறையையும் வகுப்பறையாக்கினார்கள். அந்தப் பாதி இல்லாமல் தோட்டப் பாடம் முடிவதில்லை. பறித்த அன்றே, ஓடும் தண்ணீரில் கழுவி, நறுக்கி, ஒரு கடியாவது எல்லோரும் சுவைக்கட்டும். வேண்டாம் என்ற குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், முகர்ந்து பார்த்தாலும் போதும். ஒவ்வாமை பற்றி முன்கூட்டியே பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். முற்றிய பீன்ஸ் பருப்பை, குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவை, பச்சையாகத் தின்றால் நாலைந்து பருப்பே கடும் வாந்தி வரவைக்கும். மெதுவான சூட்டில் வைத்தாலும் நஞ்சு போகாது, ஊறவைத்துத் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடம் கொதிக்க வேண்டும். அதனால் விதைப்பு நாளன்று விதைகளை எண்ணிக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்குங்கள்.

சிலர் பெட்டியோடு மாதாந்தரப் பராமரிப்பும் சேர்த்து விற்கிறார்கள். தோட்டக்காரர் பள்ளி நேரத்துக்குப் பிறகு வந்து களையெடுத்துப் போவதாக இருந்தால் அந்தப் பணம் வீண். வகுப்பு நேரத்தில் வர வேண்டும், அவர் காட்ட வேண்டும், பிள்ளைகள் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் இருமுறை போதும். நீண்ட விடுமுறையில் யார் தண்ணீர் விடுவது என்பதற்கும் ஒரு பெயர் எழுதி வாங்குங்கள்.

ஆள் கிடைக்காவிட்டால் விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் அறுவடை செய்து, வேர்களை எடுத்துவிட்டு, கலவையைக் கொட்டி வெயிலில் காயவைத்து, பையை மடித்து நிழலில் வையுங்கள். பள்ளி திறந்ததும் நான்கில் ஒரு பங்கு புது உரம் சேர்த்து மீண்டும் நிரப்பலாம். தக்காளி இருந்த பையில் அடுத்து கத்தரியோ மிளகாயோ வேண்டாம், ஒரே குடும்பம் என்பதால் நோய் தொடரும். அதில் பயறு போடுங்கள்.